நாலு கோடி வரிகளும் ஒரு பேனரும்

வெள்ளிக்கிழமை, காலை 9:40. நாலு கோடியே பன்னிரண்டு லட்சம் வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் இருந்தது.

அதைக் கண்டவனை எல்லோரும் ஏழாம் வருஷம் என்று கூப்பிடுவார்கள். முனைவர் பட்ட ஆய்வில் அவனுக்கு அது ஏழாவது ஆண்டு. போன வருஷம் ஆறாம் வருஷம் என்று கூப்பிட்டார்கள். கணினித் துறையில் ஆண்டு தவறாமல் பதவி உயர்வு கிடைத்தது அந்தப் பட்டப்பெயருக்கு மட்டும்தான்.

அன்று காலை அறையைத் திறந்ததும், வழக்கம்போல முதலில் வரைபடம் போடும் மென்பொருளைத் தட்டினான். 'காலக்கெடு முடிந்தது' என்று ஒரு பெட்டி வந்தது. திட்டிவிட்டு மூடினான். பிறகு தரவுத்தளத்தைத் திறந்து, மொத்தம் எத்தனை வரிகள் என்று கேட்டான். பூஜ்யம் என்றது. மறுபடி கேட்டான். மூன்றாவது முறை கொஞ்சம் மரியாதையாகக் கேட்டான். அதற்கும் பூஜ்யம்தான்.

அறை மூன்றாம் மாடியின் கோடியில் இருந்தது. முன்பு விடைத்தாள் கட்டுகளை வைத்திருந்த இடம். கம்பி போட்ட ஒரு ஜன்னல், ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, மேஜையில் சாம்பல் நிறத்தில் ஒரு கணினிப் பெட்டி. பெட்டிக்கு மின்சார ஒயரைத் தவிர வேறு ஒயர் கிடையாது. பார்சல் கம்பெனியோடு போட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது: வலைத்தொடர்பு கூடாது, நகல் எடுக்கக் கூடாது, கம்பெனி ஆட்கள் தவிர்க்க முடியாத காரணமின்றிப் பெட்டியைத் தொடக் கூடாது. இந்த மூன்று 'கூடாது'களைப் பேசி முடிக்கப் பதினாலு மாதம் ஆயிற்று. அந்தப் பதினாலு மாதமும் பெட்டி கம்பெனி வக்கீலின் பீரோவில் தூங்கியது.

பெட்டிக்குள் ஒரு வருஷத்துப் பார்சல் விவரங்கள் இருந்தன. ஏழாம் வருஷத்தின் தலையெழுத்தும் அதற்குள்தான் இருந்தது. அவனுடைய ஆய்வேட்டைப் பரிசோதகர்கள் ஒற்றை வரியோடு திருப்பி அனுப்பியிருந்தார்கள்: 'கற்பனைத் தரவு போதாது. உண்மையான தரவில் ஓட்டிக் காட்டவும்.' இன்று பத்து மணிக்கு ஓட்டத் தொடங்கினால் இரவுக்குள் முடியும். திங்கட்கிழமையோடு பதிவுக்காலம் முடிகிறது. அதன்பின் அவன் எந்த வருஷமும் இல்லை.

அவனுடைய அக்கா வெள்ளிதோறும் போன் செய்து "முடிஞ்சுதா?" என்று கேட்பாள். "நான் ரெண்டு பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல சேர்த்துட்டேன், நீ இன்னும் பள்ளிக்கூடத்துலயே இருக்கே" என்பாள். இன்றும் வெள்ளிதான்.

9:52. பேராசிரியர் வந்தார். பூஜ்யத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கண்ணாடியில் குறையில்லை.

"பேக்கப்?"

"நகல் எடுக்கக் கூடாதுன்னு ஒப்பந்தம், சார். நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க."

"அது சரி." கொஞ்ச நேரம் யோசித்தார். "இது சுவாரசியமான பிரச்சினை. இதை வெச்சு ஒரு கட்டுரை போடலாமா பாரு."

"சார், என் ஆய்வேடு..."

"அதுவும்தான்" என்றார் பேராசிரியர், பெருந்தன்மையாக.

10:05. உறவு மேலாளர் வந்தார். பார்சல் கம்பெனியில் அதுதான் அவர் பதவி. யாருக்கு உறவு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. மதியம் பன்னிரண்டு மணிக்குக் கீழே அரங்கில் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாக இருந்தது. துணைவேந்தர் வருகிறார். கம்பெனியின் இயக்குநர் வருகிறார். 'ஆய்வும் தொழிலும்: நெருங்கிய பிணைப்பு' என்று எட்டடி உயரத்தில் பேனர் வந்து இறங்கியிருந்தது.

"லாக் பாத்தீங்களா?" என்றார் மேலாளர்.

பார்த்திருந்தான். பெட்டியின் பதிவேட்டில் கடைசி வரி: நேரம் 06:00. நீக்கப்பட்ட வரிகள் 4,12,00,318. நீக்கியவர்: அக்கா.

இந்த அக்கா அவனோடு பிறந்தவள் அல்ல. பார்சல் கம்பெனியின் தரவுத்தளத்தை இருபது வருஷமாகக் கட்டி மேய்ப்பவர். கம்பெனியில் இயக்குநர் முதல் வண்டி ஓட்டுபவர் வரை எல்லோருக்கும் அக்கா. அவருடைய கணக்கின் பெயரே அதுதான்.

"கையும் களவுமா மாட்டியாச்சு" என்றார் மேலாளர். "இப்பவே சஸ்பெண்ட் பண்ணிட்டு விழாவை நடத்திடலாம்."

"காலைல ஆறு மணிக்கு அவங்க இங்க எப்படி வந்திருப்பாங்க, சார்? அறை பூட்டியிருந்துச்சு. வெளியில இருந்து நுழைய ஒயரும் கிடையாது."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பேர் போட்டிருக்கில்ல?"

"பதினொன்னே முக்கால் வரைக்கும் டைம் குடுங்க."

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொன்னே முக்காலுக்கு ஒரு பேர் வேணும். வேற பேர் இல்லைன்னா இதே பேர்."

ஏழாம் வருஷம் துப்பறிய ஆரம்பித்தது இப்படித்தான். ஆசைப்பட்டு அல்ல. அந்த அக்காவிடம் அவனுக்கு ஒரு கடன் இருந்தது. பெட்டி வந்த புதிதில், 'தொலைபேசி 2' என்ற பத்தியில் எண்ணுக்குப் பதிலாக 'நாய் இருக்கு', 'மாடி, லிஃப்ட் இல்லை', 'பெல் அடிக்காதே, குழந்தை தூங்கும்' என்றெல்லாம் இருப்பதைப் பார்த்து, குப்பை என்று முடிவு கட்டினான். பேராசிரியரும் ஆமாம் குப்பை என்றார். கான்டீனில் ஒருநாள் அக்காவிடம் சொன்னபோது அவர் டீயை அப்படியே வைத்துவிட்டார்.

"அதைத் தூக்கிட்டீங்களா? தம்பி, மத்த பத்தியெல்லாம் நாங்க ஆபீஸுக்காக நிரப்புறது. டெலிவரிக்குப் போறவன் தனக்காக எழுதி வெக்கிறது அது ஒண்ணுதான்."

அந்தப் பத்தியைச் சேர்த்த பிறகுதான் அவனுடைய முறை வேலை செய்யத் தொடங்கியது. ஏழு மாதம், வாரம் ஒரு டீ. பெட்டியைத் தொடக் கூடாது என்பதால், காகிதத்தில் வரைந்தே ஒவ்வொரு பத்தியாகச் சொல்லிக்கொடுத்தார். ஆய்வுக்கும் தொழிலுக்கும் இருந்த நெருங்கிய பிணைப்பு அந்த டீ மேஜைதான். அதற்கு யாரும் பேனர் அடிக்கவில்லை.

10:20. சாவி அண்ணன். மூன்றாம் மாடியின் எல்லாச் சாவிகளும் அவருடைய மரப்பெட்டியில். யார் எடுத்தாலும் அவர் கையாலேயே நோட்டில் எழுதுவார். அடுத்தவர் கையெழுத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

"இந்த வாரம் யார் யாருண்ணே எடுத்தாங்க?"

"திங்கள் மேலாளர் ஐயாவும் போட்டோக்காரரும். பேனருக்குப் படம் புடிக்க. நீயும்தான் கூட இருந்தே. கம்ப்யூட்டர்ல என்னமோ கலர் கலரா போட்டுக் காட்டினியே."

"அப்புறம்?"

"செவ்வாய், புதன் நீ. நேத்து நீ வரல."

"காய்ச்சல்ணே."

"நேத்து சாயங்காலம் நாலரைக்கு கம்பெனி அக்கா. அஞ்சு பத்துக்குத் திருப்பிக் குடுத்துட்டாங்க. அப்புறம் இன்னைக்கு ஒம்போது முப்பத்தஞ்சுக்கு நீ."

"நடுவுல?"

"நடுவுல நான் இந்தச் சாவிப்பெட்டியை வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன். தலைமாட்டுல வெச்சுத்தான் தூங்குறது. என் பொண்டாட்டியைக் கேளு, முப்பது வருஷமா அவளுக்கு இதே குறை."

10:40. அக்கா. விழாவுக்கு வந்திருந்தார். நாலாவது வரிசையில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். பூஜ்யம் என்று கேட்டதும் தண்ணீர் பாட்டிலை மூடி, மூடியை இரண்டு முறை இறுக்கினார்.

"எத்தனை மணிக்கு?"

"ஆறு."

"காலைலயா?"

"ஆமாம். உங்க பேர்ல."

"ஆறு மணிக்கு நான் எங்க ஆபீஸ்ல இருந்தேன். முதல் வண்டி கிளம்புற நேரம். அறுபது பேர் பாத்திருப்பாங்க. ஆனா தம்பி, ஆறு மணிக்குத்தான் எங்க துடைப்பம் ஓடும்."

"துடைப்பமா?"

"நான் எழுதினதுதான், பன்னெண்டு வருஷம் முன்னாடி. ஜனங்களோட விலாசத்தை ஒரு வருஷத்துக்கு மேல வெச்சிருக்கக் கூடாதுன்னு சட்டம். அதனால தினமும் ஆறு மணிக்கு அதுவா ஓடி, வருஷம் தாண்டின வரியை எல்லாம் துடைச்சிடும். என் பேர்லதான் ஓடும்."

"அது எங்க பெட்டில எப்படி..."

"காப்பி எடுத்தது நான் இல்லை, வேற பிரிவு. அவங்க ஈயடிச்சான் காப்பி ஆளுங்க. என் கணக்கு, துடைப்பம் எல்லாத்தையும் சேர்த்து அள்ளிக் குடுத்திருப்பாங்க."

"நேத்து என்ன பண்ணினீங்கக்கா?"

"விழாவுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துட்டு வான்னு அனுப்பினாங்க. தூசி தட்டினேன். தப்பா இருந்த ஒண்ணு ரெண்டைச் சரி பண்ணினேன். பூட்டிச் சாவியைக் குடுத்துட்டேன். டேட்டா முழுசா இருந்துச்சு, எண்ணிப் பாத்தேன்."

அவன் தலையாட்டினான். இப்போது வேறொன்று உறுத்தியது. மேலே ஓடி, பெட்டிக்குள் தேடினான். அக்கா சொன்னது சரி; துடைப்பம் உள்ளேதான் இருந்தது. அதற்கென்று தனிப் பதிவேடும் இருந்தது. தேதி கிடையாது, நேரமும் எண்ணிக்கையும் மட்டும். 06:00, பூஜ்யம். 06:00, பூஜ்யம். இருநூற்று நாற்பத்து மூன்று நாள் எழுந்து பெருக்கியிருக்கிறது; ஒரு தூசி அகப்படவில்லை. இருநூற்று நாற்பத்து நாலாம் நாள் வீட்டையே அள்ளி வெளியே கொட்டியிருக்கிறது.

11:10. மறுபடி அக்காவிடம் வந்தான்.

"தினமும் ஓடியிருக்கு. தினமும் பூஜ்யம். பீரோவுலயே பதினாலு மாசம் கிடந்த டேட்டா அது. வந்த மறுநாளே எல்லா வரியும் வருஷம் தாண்டினதுதானே? அன்னைக்கே ஏன் துடைக்கல?"

"அதான் எனக்கும் புரியல" என்றார் அக்கா. "துடைப்பம் பொய் சொல்லாது. அன்னைக்குத் தேதி என்னன்னு பாக்கும், ஒரு வருஷத்தைக் கழிக்கும், அதுக்கு முன்னாடி உள்ளதைத் துடைக்கும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்."

"பதிவேட்டுல தேதியாவது போட்டிருக்கலாம்."

"தினமும்தானே ஓடுது, தேதி எதுக்குன்னு அப்போ நினைச்சேன். வயசு அப்படி."

11:25. அரங்கு. இரண்டு பேர் ஏணியில் நின்று பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. "தம்பி, அந்த முனையைப் பிடி" என்றார் ஏணிக்காரர். ஏழு வருஷமாக யார் என்ன சொன்னாலும் பிடித்துப் பழகியவன், பிடித்தான்.

அக்கா எதிரே நின்று, மேலே, கீழே என்று கைகாட்டினார்.

பேனரில் திங்கட்கிழமை எடுத்த படம். சாம்பல் நிறப் பெட்டியின் திரை ஆறடி அகலத்துக்கு விரிந்திருந்தது. நடுவில் அவன் போட்ட வண்ண வரைபடம். துப்பறிகிறவன் அதன் வலது கீழ் மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கட்டைவிரலுக்குப் பக்கத்தில், உள்ளங்கை அளவு எழுத்தில், திரையின் கடிகாரமும் அச்சாகியிருந்தது.

நேரம் சரி. நாளும் மாதமும் சரி. ஆண்டு மூன்று குறைவு.

அவன் அதைப் படித்தான். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தான். பிறகு எதிரே நின்ற அக்காவைப் பார்த்தான். அவரும் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார். கைகாட்டுவது நின்றுவிட்டது.

"மேலயா கீழயாம்மா?" என்றார் ஏணிக்காரர்.

11:45. அரங்கின் பின்னறை. பேராசிரியர், மேலாளர், அக்கா, நோட்டோடு சாவி அண்ணன்.

"பேர்?" என்றார் மேலாளர்.

"நான்" என்றான் ஏழாம் வருஷம்.

பேராசிரியர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"எங்க ஆய்வுக்கூடத்துல வரைபடம் போடுற மென்பொருள் ஒண்ணு இருக்கு. இலவச வெள்ளோட்டப் பிரதி. ரெண்டு வருஷம் முன்னாடியே அதுக்குக் காலக்கெடு முடிஞ்சிடுச்சு. அதனால எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும் முதல் வேலையா அதோட கடிகாரத்தை மூணு வருஷம் பின்னாடி தள்ளி வெச்சிடுவோம். மென்பொருள் ஏமாந்து ஓடும். சாம்பல் பெட்டி வந்த அன்னைக்கே நான் தள்ளி வெச்சேன். செருப்பைக் கழட்டுற மாதிரி, யோசிக்காம. அப்புறம் அது ஞாபகத்துலயே இல்லை."

"அதுக்கும் டேட்டாவுக்கும் என்ன?" என்றார் மேலாளர்.

"உங்க துடைப்பம் தினமும் கடிகாரத்தைப் பாத்திருக்கு. மூணு வருஷத்துக்கு முந்தின தேதி. அந்தக் கணக்குல நம்ம டேட்டா இன்னும் பிறக்கவே இல்லை. பிறக்காததைத் துடைக்க முடியாதுல்ல? எட்டு மாசமா எங்க பொய்தான் அதைக் காப்பாத்திச்சு. இன்னைக்குக் காலைல மென்பொருள் 'காலக்கெடு முடிந்தது'ன்னு சொன்னப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். கடிகாரம் சரியா இருந்தாத்தான் அது அப்படிச் சொல்லும்."

"சரி பண்ணினது யாரு?"

ஏழாம் வருஷம் வாயைத் திறந்தான். காய்ச்சல் வந்த மாதிரி ஒரு பொய் உள்ளே தயாராகிக்கொண்டிருந்தது: மின்சாரம் போயிருக்கும், பேட்டரி தீர்ந்திருக்கும். அதற்குள் அக்கா சொல்லிவிட்டார்.

"நான்தான். நேத்து நாலு நாப்பதுக்கு. உட்கார்ந்ததும் கண்ணுல பட்டது. கடிகாரம் தப்பா இருந்தா எனக்குக் கை சும்மா இருக்காது. இருபது வருஷப் பழக்கம்."

"அக்கா, நீங்க சொல்லணும்னு அவசியம்..."

"இருபது வருஷமா லாக்ல பொய் இல்லை, தம்பி. இன்னைக்கு ஒரு நாளைக்கு எதுக்கு?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தன.

மேலாளர் மெதுவாகக் கணக்குப் போட்டார். வெளியே தெரிந்தால், எட்டு மாதம் முன்பே அழித்திருக்க வேண்டிய ஜனங்களின் விலாசத்தைக் கம்பெனி வெளியாருக்குக் கொடுத்திருக்கிறது. பேராசிரியரும் மெதுவாகக் கணக்குப் போட்டார். வெளியே தெரிந்தால், கெடு முடிந்த மென்பொருளில் படம் வரைந்த முப்பத்தொரு கட்டுரைகள்.

11:48. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"டேட்டா அழிஞ்சது சட்டப்படி சரிதானே?" என்றார் பேராசிரியர்.

"ரொம்பச் சரி. திட்டமிட்ட நீக்கம்னு எழுதிடலாம்."

"கூட்டு முடிவு."

"கூட்டு முடிவு."

மூன்று 'கூடாது'களுக்குப் பதினாலு மாதம் பிடித்த இரண்டு நிறுவனங்கள், முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைப்பது என்று மூன்று நிமிஷத்தில் ஒத்துப்போயின. நெருங்கிய பிணைப்பு என்பது பேனர் வாசகம் என்றுதான் ஏழாம் வருஷம் அதுவரை நினைத்திருந்தான்.

"அக்காவைப் பல்கலைக்கழகத் தொடர்பு அதிகாரியா ஆக்கிடறோம்" என்றார் மேலாளர். "பதவி உயர்வு. ஒண்ணே ஒண்ணு, இனிமே எந்த மெஷினையும் தொட வேண்டாம்."

அக்கா தன் கைகளைப் பார்த்தார்.

"சார், எனக்கு?" என்றான் ஏழாம் வருஷம்.

"உனக்குத்தான் நல்ல சேதி" என்றார் பேராசிரியர். "நடப்புல தொழில்துறை ஒப்பந்தம் இருந்தா ஆறு மாசம் நீட்டிப்பு உண்டு. கையெழுத்தானதும் கிடைச்சிடும்."

அவன் அக்காவைப் பார்த்தான். "உங்க ஆபீஸ்ல மூலப் பிரதி..."

"அதைத் துடைப்பம் எப்பவோ துடைச்சாச்சு, தம்பி. அங்க கடிகாரம் சரியா ஓடுதே."

"புது காப்பி?"

"புதுசா ஒப்பந்தம் போடணும்" என்றார் மேலாளர் உற்சாகமாக. "இந்தத் தடவை சீக்கிரம் முடியும். பதினாலு மாசம்."

ஆறு மாத நீட்டிப்பு. பதினாலு மாத ஒப்பந்தம். இந்தக் கழித்தலுக்குத் தரவுத்தளம் தேவைப்படவில்லை.

12:00. கையெழுத்தாயிற்று. கைதட்டினார்கள். சட்டியில் ஒன்றும் இல்லை என்பது அகப்பை பிடித்த நாலு பேருக்கும் சாவி அண்ணனுக்கும் மட்டும் தெரியும். புகைப்படத்தில் துணைவேந்தரும் இயக்குநரும் கை குலுக்குகிறார்கள். பின்னால், வலது கீழ் மூலையில், மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி தெளிவாக விழுந்திருக்கிறது. நாலாவது வரிசையில் அக்கா.

வெளியே படியில் அக்கா அவனுக்காக நின்றிருந்தார்.

"நாய் இருக்குன்னு எத்தனை வரி இருந்துச்சு, எண்ணினீங்களா?"

"ஒரு லட்சத்துப் பதினேழாயிரம், அக்கா."

"அவ்வளவு நாயா" என்றார் அக்கா. பிறகு படியிறங்கிப் போனார்.

3:50. ஆண்டறிக்கைக்கு ஒரு வரைபடம் வேண்டும் என்று பேராசிரியர் ஆள் அனுப்பினார். எதன் வரைபடம் என்று ஆளுக்குத் தெரியவில்லை. பேராசிரியருக்கும் தெரிந்திருக்காது.

சாவி அண்ணன் நோட்டைத் திறந்தார். "திங்கள்லேர்ந்து எட்டாம் வருஷம்னு எழுதட்டுமா?"

"எழுதுங்கண்ணே."

பெட்டியின் முன் உட்கார்ந்தான். வரைபட மென்பொருளைத் தட்டினான். காலக்கெடு முடிந்தது. பையில் போன் அதிர்ந்தது. அவன் அக்காதான், வெள்ளிக்கிழமை. எடுக்கவில்லை. கடிகாரத்தைத் திறந்து, மூன்று வருஷம் பின்னால் தள்ளினான். மென்பொருள் நல்ல பிள்ளையாகத் திறந்துகொண்டது. எல்லா வரிகளையும் வரை என்றான். அது ஒரு நெடுக்குக் கோடும் ஒரு குறுக்குக் கோடும் போட்டது. நடுவில் வெள்ளையாக விட்டது.

அவன் எழுந்திருக்கவில்லை. திரையின் மூலையில் தேதி ஓடிக்கொண்டிருந்தது. அங்கே அவன் இன்னும் நாலாம் வருஷம். கையில் முழுசாக மூன்று வருஷம் இருந்தது.